கலங்கரை விளக்கத்தின் பின்பக்கம்

கணவனை இழந்த ஒரு பெண்ணின் நிலத்தை நான் ஒருமுறை ரப்பர் வைத்து அழித்திருக்கிறேன். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டப்பாவில் கிடக்குமே, அந்தச் சாதாரண ரப்பர். அழிக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குற்றத்தைப் பாதி ஒப்புக்கொண்டு பாதியை மறைப்பது எனக்கு வராது. முழு முட்டாள்தனம்தான் எனக்குக் கைவந்த கலை.

இதையெல்லாம் இப்போது கிளறிவிட்டது ஒரு பல் மருத்துவர். அவர்கூட இல்லை, அவர் அறைக்கு வெளியே இருந்த பிளாஸ்டிக் நாற்காலி. என் முறை வரும்வரை கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். லண்டனில் பழைய சினிமாச் சுவரொட்டிகளை ஏலம் விடுகிறவர்கள் யாரோ போட்ட பக்கம் வந்து நின்றது. நான்காவதோ ஐந்தாவதோ படம். கறுப்புக் கடல், சாய்ந்த கலங்கரை விளக்கம், சிவப்பு மழைக்கோட்டு அணிந்த பெண், கையில் அரிக்கேன் விளக்கு. அவள் முகத்தை நான் முப்பது வருடமாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் நான் பல்வலியில் முனகுவதாக நினைத்து, "கிராம்பு வெச்சுக்குங்க" என்றார்.

பிரிட்டிஷ் சுவரொட்டிகளைப் பற்றி உங்களுக்கு இரண்டு வரி சொல்ல வேண்டும். நம்மூர்ச் சுவரொட்டி நின்றுகொண்டிருக்கும், அவர்களுடையது படுத்துக்கொண்டிருக்கும். அகலம் கூடுதல், உயரம் குறைவு. நம் கதாநாயகர்கள் சுவரிலிருந்து நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுடைய ஆட்களோ நாம் ஏதோ செய்துவிட்டு மறைப்பதுபோல நம்மைப் பார்ப்பார்கள். கீழ் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் இங்கிலாந்தில் அச்சடித்தது என்று இருக்கும். பழையது என்றால் கட்டாயம் மடிப்புத் தடம் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்தில் எட்டாக மடித்துத்தான் அரங்குகளுக்கு அனுப்பினார்கள். மடிப்பு இல்லாத பழைய சுவரொட்டியை யாராவது நீட்டினால் நீங்கள் சிரித்துவிட்டு நகரலாம்.

இவ்வளவு தெரிந்த நான் அந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சேலத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில், எடைக்குப் போட்ட கட்டுக்குள்ளிருந்து ஒன்று கிடைத்தது. அதிலிருந்து பித்துப் பிடித்துக்கொண்டது. கொல்லிமலையில் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது என் தகரப் பெட்டியில் மாற்று உடையைவிடச் சுவரொட்டிகள்தான் அதிகம். செம்மேட்டில் நான் குடியிருந்த அறைக்கு ஒருநாள் வந்த தலைமை எழுத்தர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏய்யா, இத்தன வெள்ளைக்காரங்க மொறைச்சுப் பாக்கறப்ப உனக்கு எப்படிய்யா தூக்கம் வருது?" என்றார். நியாயமான கேள்விதான்.

கலங்கரை விளக்கம் கிடைத்தது வளப்பூர் நாட்டில். சில ஊர்கள் சேர்ந்தால் மலையில் அது ஒரு நாடு. ஏதோ கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்ப ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். மிளகு காயும் காலம். வாசலெல்லாம் பாயில் கறுத்துக்கொண்டிருந்த மிளகைத் தாண்டித் தாண்டி நடந்து, பாப்பாயி என்பவரின் வீட்டு வாசலில் நின்றேன். முப்பத்தைந்து வயது இருக்கும். போன மழைக்காலத்தில் கணவரைப் பறிகொடுத்தவர். தண்ணீர் எடுக்க அவர் உள்ளே திரும்பியபோது, பலாப்பழ வாசனை அடித்த அந்த இருட்டறையின் சுவரில் அவளைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டு. நான்கு மூலைகளில் மட்டும் பசை தொட்டு ஒட்டியிருந்தார்கள். படத்தின் பெயர் இருந்த மேல் பட்டையை எலி தின்றிருந்தது.

தண்ணீர்ச் சொம்பை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "இது எப்படிங்க இங்க?" என்றேன்.

"அந்தப் பொம்மையா? எங்க மாமனாரு ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துல இருந்தாருங்க. அங்க தொரைங்க படம் பாக்கற கொட்டாய் ஒண்ணு இருந்துச்சாமா. அத மூடுனப்ப ஒரு கட்டுத் தாளு குடுத்து உட்டாங்களாமா. மீதியெல்லாம் கெழங்கு மூட, பழம் சுத்தன்னு போச்சுங்க. இது ஒண்ணுதான் மிச்சம்."

"நான் எடுத்துக்கட்டுங்களா அக்கா?"

"சொவத்துல ஓட்டை தெரியும். பரவால்ல, எடுத்துக்குங்க."

பதிலுக்கு நான் ஒரு சாமி காலண்டர் வாங்கிக் கொடுத்தேன். ஓட்டை மறைந்தது. அன்று என்னைவிடச் சாமர்த்தியசாலி மலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

அறைக்கு வந்து திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுவதும் பென்சில் கிறுக்கல். நெளிநெளியாகக் கோடுகள், கோழி முட்டை போல வட்டங்கள், கால் முளைத்த மேகம் மாதிரி ஏதோ இரண்டு, கீழே வரிசையாக ஐந்து அழுக்குத் தடங்கள். குழந்தைகள் வேலை என்று முடிவு கட்டினேன். முன்பக்கம் நிழல் தட்டுமே என்று கவலை. ரப்பரை எடுத்தேன். வலது கீழ் மூலையிலிருந்து ஆரம்பித்து ஒரு சாண் அகலத்துக்கு அழித்திருப்பேன். வியர்த்த கை பட்ட இடத்தில் பென்சில் தூள் ஊதாவாக மாறி ஆள்காட்டி விரலில் அப்பிக்கொண்டது. மூன்று நாள் போகவில்லை. தலைமை எழுத்தர், "இது எந்த எலெக்சன்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குள் எனக்கு அலுத்துவிட்டது. மிச்சத்தை அழிக்கவில்லை. சோம்பேறித்தனத்தைக் குறை சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளவும்.

வெளிநாட்டில் சேகரிப்பாளர்கள் சுவரொட்டிக்குப் பின்னால் துணி கொடுத்து ஒட்டிப் பாதுகாப்பார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். நல்ல துணிக்கு எங்கே போவது? என் வேட்டியை எடுத்தேன். ஒரு ஒட்டுப்பலகை வாங்கினேன். பசைக்கு மலையில் என்ன பஞ்சம்? மரவள்ளிக் கிழங்கு மாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டேன். அந்தப் புளித்த வாடை இன்றும் என் மூக்கிலேயே குடியிருக்கிறது. பலகையில் வேட்டி, வேட்டியின் மேல் கலங்கரை விளக்கம். காய்ந்ததும் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். ஐந்து மாதம் அவள் விளக்கோடு என்னை முறைத்தாள், நான் சுகமாகத் தூங்கினேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பாப்பாயி அலுவலக வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அந்தப் பொம்மைத் தாளு இருக்குதுங்களா?"

"பத்திரமா இருக்குதுங்க அக்கா." பெருமை வேறு எனக்கு. "துணி கொடுத்து, பலகையில ஒட்டி..."

"ஒட்டிட்டீங்களா?"

அந்த ஒரு சொல்லுக்கு அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். சர்வே ஆட்கள் வரப்போகிறார்கள். அதற்குள் ஊருக்குள் பேசி முடிக்க வேண்டும். ஊற்று இருக்கும் வயல் தன் பாகம் என்று அவருடைய கொழுந்தன் சின்னராசு சொல்கிறார். அந்த ஊற்று போனால் கீழ்ப்படி வயலில் இவருக்கு நெல் கிடையாது, வெறும் மேட்டுக்காடுதான். வாய்ப்பேச்சைத் தவிர யாரிடமும் எதுவும் இல்லை. அப்போதுதான் ஊர்க்கவுண்டர் சொல்லியிருக்கிறார்: "ஏம்மா, உம் மாமனாரு ரெண்டு பயலுக்கும் பாகம் பிரிச்சப்ப பெரிய தாள்ல கோடு போட்டு, நாங்கல்லாம் ரேகை வெச்சமே. பொம்மைத் தாளு. ஊத்து யாரு பக்கம்னு எனக்கு நெனப்பில்ல, அதுல இருக்கும். அதெங்க?"

"எனக்குத் தெரியாதுங்க சார். நான் இந்த ஊட்டுக்கு வாரதுக்கு முன்னால நடந்தது. எங்க ஊட்டுக்காரரு பொம்மை அழகா இருக்குதுன்னு அந்தப் பக்கம் தெரியற மாதிரி ஒட்டிப்போட்டாரு. பின்னால என்ன இருக்குதுன்னு ஒருநாளும் சொல்லல. நானா எடுத்து உங்க கையில குடுத்துப்போட்டேன்."

நெளிநெளிக் கோடுகள். முட்டை வட்டங்கள். கால் முளைத்த மேகம் என்று நான் நினைத்தது பலாமரம். தினமும் நில எல்லை காட்டும் புலப்படங்களோடு பிழைக்கிற அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு புலப்படத்தைப் பிள்ளைக் கிறுக்கல் என்றிருக்கிறேன்.

அறைக்கு அழைத்துப்போய்ப் பலகையைக் காட்டினேன். தடவிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார், வரவில்லை. எனக்குப் பசை காய்ச்சத் தெரியும் என்பதை அந்தக் கணத்தில்தான் முதன்முறையாக வெறுத்தேன்.

"ஆவி காட்டினா வந்துரும் அக்கா. இப்பவே பிரிச்சுடலாம்" என்று அடுப்புப் பக்கம் நகர்ந்தேன்.

"வேண்டாங்க." கையைப் பிடிக்காத குறைதான். "இங்க பிரிச்சா நீங்களும் நானுமா உக்காந்து எழுதுனோம்னு சொல்லுவாங்க. நாளைக்குக் காத்தால கூட்டம். அப்படியே கொண்டாங்க. எல்லாரு முன்னாலயும் பிரிங்க."

அந்தப் பெண்ணுக்கு இருந்த நிதானத்தில் கால்பங்கு எனக்கு இருந்திருந்தால் நானும் ஒரு ஆளாகியிருப்பேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேணும்னா பென்சில் கோட்டை மட்டும் நகல் எடுத்துக்கலாமுங்க." அப்போதும் என் கண் சிவப்புக் கோட்டின் மேல்தான்.

"நகலுக்கு ரேகை வெக்க செத்தவங்க வருவாங்களா சார்?" என்றார்.

மறுநாள் முதல் பஸ். ஒட்டுப்பலகையை உள்ளே ஏற்றக் கண்டக்டர் மறுத்தார், பிறகு சிவப்புக் கோட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஏற்றினார். பாப்பாயி முதல் நாள் இரவு செம்மேட்டில் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு என்னோடுதான் வந்தார். பலகையை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு வளைவிலும் அது என் மேல் சாயும், பிறகு அவர் மேல் சாயும். ராத்திரி முழுவதும் நான் நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் அழித்த வலது கீழ் மூலையில் என்ன இருந்தது? ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் சின்ன வட்டம். வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி.

"அக்கா, உங்க ஊத்து வயலுக்கு எந்தப் பக்கமுங்க?"

"கெழக்கால, கீழ்க்கடைசியில. பாறைக்கு அந்தண்ட."

வலது கீழ் மூலை. என் பிடி நழுவிப் பலகை அவர் மேல் சாய்ந்தது. வளைவு காரணம் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன், ஆனால் பஸ் அப்போது நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா. அந்த மூலையை நான் ரப்பர் வெச்சு அழிச்சுட்டேன்."

அவர் திட்டவில்லை. பலகையின் தன் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கோயிலுக்கு முன்னால் பலாமரத்தடியில் கூட்டம். முப்பது பேர் இருப்பார்கள். ஊர்க்கவுண்டர் கிழவர்தான், ஆனால் குரல் கணீரென்று இருந்தது. சின்னராசு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். முரடராக இருப்பார் என்று நினைத்து வந்த எனக்கு ஏமாற்றம். ஒல்லியாக, தூக்கம் கெட்ட கண்களோடு இருந்தார்.

"அண்ணன் இருந்தப்ப பத்து வருசம் அந்தத் தண்ணி எனக்குந்தானுங்க பாஞ்சுது. என் பாகம் இல்லாட்டி எதுக்கு உட்டாரு?" என்றார். பொய் சொல்கிற குரல் இல்லை.

"தாளு வந்திருக்குதில்ல, பாத்துருவோம்" என்றார் கவுண்டர். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கதான் ஒட்டுனீங்களா சாமி? அப்ப நீங்களே பிரிங்க."

அலுமினியக் குண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். நான் வலது மேல் மூலையில் ஆரம்பித்தேன், பின்பக்கத்து வலது முன்பக்கத்துக்கு இடதல்லவா. வேண்டுமென்றேதான். அழித்த மூலை கடைசியில் வரட்டும், அதற்குள் மழை வரலாம், பூகம்பம் வரலாம் என்று ஒரு நப்பாசை. ஆவி ஏறியதும் பசை இளகி, வேட்டியும் தாளும் சேர்ந்தே பலகையைவிட்டு எழுந்தன. படம் உள்ளே போக, வேட்டியின் முதுகு வெளியே தெரிய, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே ஈரத்தாள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. முதலில் கடல் போனது, பிறகு கலங்கரை விளக்கம். இனி சிவப்புக் கோட்டுதான். கை நின்றது.

"என்ன சார்?" என்றார் கவுண்டர்.

பாப்பாயி என் கையைப் பார்க்கவில்லை, வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை போன இடத்தில் நானும் பார்த்தேன். என் வேட்டியின் முதுகில் ஊதாக் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் காப்பியிங் பென்சில் என்று ஒன்று உண்டு. காய்ந்திருக்கும்வரை சாதாரணப் பென்சில் மாதிரிதான் எழுதும். ஈரம் பட்டால் ஊதா மையாகிவிடும், பிறகு பிரம்மாவே வந்தாலும் அழிக்க முடியாது. மாமனார் அதில்தான் போட்டிருக்கிறார். நான் தடவிய கிழங்குப் பசையின் ஈரத்தில் மொத்தப் படமும் கரைந்து வேட்டியில் ஊறி, அந்தப் பக்கம் வந்து நின்றிருக்கிறது. பலகைக்கும் துணிக்கும் நடுவே ஐந்து மாதம் யாரும் பார்க்காமல் கிடந்திருக்கிறது. என் விரல் ஊதாவானபோதே புரிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் விரலும் மூளையும் தொடர்பில் இல்லையே.

ஆனால் அழித்த மூலை? ரப்பர் வைத்துத் தேய்த்தேனே. இப்போது எனக்குப் பின்னால் முப்பது பேரும் எழுந்து குனிந்திருந்தார்கள். மூச்சுக்காற்று கழுத்தில் பட்டது. சிவப்புக் கோட்டை உள்ளே சுருட்டினேன், அவளைப் பார்க்கவில்லை. பலாமரம் ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. பாறை வந்தது. பாறையிலிருந்து ஒரு கோடு கிளம்பி மூலையை நோக்கிப் போய், நான் தேய்த்த இடத்தின் ஓரத்தில் மங்கியது. இன்னும் ஒரு சாண்.

குண்டாவைக் கிட்டே நகர்த்தச் சொன்னேன். ஆவி மூலைக்குள் புகுந்தது. கடைசி மடிப்பைத் தூக்கினேன்.

கோடு இருந்தது. வட்டமும் நடுவில் புள்ளியும் இருந்தன. மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் பரந்து, ஆனால் ஆழமாக. ரப்பர் மேலே தெரிந்ததைத்தான் அழித்திருக்கிறது, தாளுக்குள் இறங்கியிருந்த தூளைப் பசை எழுப்பிவிட்டது. என் ஒரு மடத்தனத்தை இன்னொரு மடத்தனம் ஓடிவந்து காப்பாற்றியிருந்தது. வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான். வட்டம்தான் ஊற்று, அது கோட்டுக்குப் பாப்பாயியின் பக்கம் இருந்தது.

நான் மூச்சு விடுவதற்குள் கவுண்டர், "ரேகை எங்க?" என்றார்.

ரேகையும் அதே பென்சிலை எச்சில் தொட்டு விரலில் தேய்த்து வைத்ததுதான். வேட்டியில் ஐந்து நாவற்பழக் கறைகள் இருந்தன. யாருடைய ரேகை வரியும் அதில் தெரியவில்லை.

"இது என்னுதுன்னு நானே சொல்ல முடியாது" என்றார் கவுண்டர், தன் கட்டைவிரலையும் கறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு. கூட்டத்தில் யாரோ, "வேட்டியில இருக்கறதெல்லாம் பத்திரமாகுமா?" என்றார்கள். இன்னொருவர் சிரித்தார். பாப்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் எழுந்து, ரப்பர் கதையை முழுதாகச் சொன்னேன். பாட்டை முணுமுணுத்தது உட்பட. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அதுவரை கிடைத்த மோசமான சபை அதுதான்.

கவுண்டர் வேட்டியைச் சின்னராசுவின் மடியில் போட்டார். "நீயே பாரு. இது உங்கய்யன் போட்டது இல்லைன்னு நீ சொன்னா இதோட முடிஞ்சுது. வேற யாரையும் கேக்கமாட்டேன்."

சின்னராசு பார்த்தார். வெகுநேரம். ஊற்றை அவர் பார்க்கவில்லை. இரண்டு பலாமரங்களின் மேல்தான் விரல் நின்றது. ஒன்றில் மூன்று பழம், இன்னொன்றில் இரண்டு. மரத்துக்கு ஆட்டுக்கு இருப்பதுபோல நான்கு கால்கள்.

"அய்யனுக்கு மரம் வரையத் தெரியாதுங்க" என்றார். "இதுக்கு நானும் அண்ணனும் அன்னிக்குச் சிரிச்சோம். அடிச்சாரு." வேட்டியை மடித்து எழுந்து போய் பாப்பாயியின் கையில் கொடுத்தார். "தண்ணி மட்டும் உட்டுருங்க அண்ணி."

"உங்கண்ணன் உட்டத நான் எதுக்கு நிறுத்தறேன்" என்றார் பாப்பாயி.

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. யாரோ கொதித்த தண்ணீரை வீணாக்காமல் காப்பி போட்டார்கள். திரும்புகிற பஸ்ஸுக்கு வெறும் பலகையோடு நின்றேன். வழியனுப்ப வந்த பாப்பாயி மடித்த வேட்டியைத் தொட்டு, "பொம்மைய மட்டும் தனியா உரிக்க முடியாதுங்களா?" என்று கேட்டார். முடியாது என்றேன். ஒரே தாள், இரண்டு பக்கம், அதில் ஒரு பக்கம் ஊற்று. நான் கேட்கவே கூடாத பொருள். அதன் பிறகு சேகரிப்பு எனக்கு ருசிக்கவில்லை. மாற்றலாகிக் கீழே வந்தபோது மிச்சத்தை ஒரு நண்பனிடம் தள்ளிவிட்டேன். எந்தத் தாளைப் பார்த்தாலும் முதலில் திருப்பிப் பார்க்கிற வியாதி மட்டும் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையைக்கூட விடுவதில்லை.

லண்டன்காரர்கள் புண்ணியத்தில் படத்தின் பெயர் இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன், போய் ஏலம் கேட்டுவிடுவீர்கள். கைபேசியில் பார்த்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. நேற்று சனிக்கிழமை, மலை ஏறினேன்.

செம்மேட்டில் பசை வாடையே இல்லை. சுவர் முழுக்க ஒட்டுகிற காலம் போய்விட்டது. எல்லாம் பிளாஸ்டிக் பேனர், மழை பெய்தால் சொட்டுச் சொட்டாக வடிகிறது, எதுவும் ஊறுவதில்லை. காப்பியிங் பென்சில் இருக்கிறதா என்று ஒரு கடையில் கேட்டேன். அந்தப் பெண் என் வயதைப் பார்த்து மரியாதையாக இல்லை என்றாள். நான் குடியிருந்த அறை இருந்த இடத்தில் தங்கும் விடுதி. வளப்பூர் நாட்டில் கவுண்டர் போய் ரொம்ப நாளாகிவிட்டது, சின்னராசுவும் போன வருடம் போய்விட்டார் என்றார்கள். கூட்டம் நடந்த பலாமரம் சாலையை அகலப்படுத்தியபோது போயிருக்கிறது. நிலத்துக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் சீட்டு. யாரும் மரத்துக்கு நான்கு கால் போட வேண்டியதில்லை.

பாப்பாயியின் வீடு கான்கிரீட்டாகியிருந்தது. வாசலில் பாயில் மிளகு. தலை முழுக்க நரைத்திருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பலகைக்கார சார்" என்றார். கைபேசியை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிவப்புக் கோட்டுக்காரியைப் பார்த்தார்.

"நம்ம பொம்மை."

"அந்த வேட்டி இருக்குதுங்களா அக்கா?"

"பெட்டியில இருக்குது."

"ஒரே ஒரு தடவை பிரிச்சுப் பாத்துட்டுக் குடுத்துடட்டுங்களா?"

பாப்பாயி என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"பையில ரப்பரு இருக்குதுங்களா?"